வட்டத்துக்குள் கட்டிய நாண்

தேர்வுக்கு முந்தைய நாள் வடிவியலைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறேன். 'வட்டம்' என்ற தலைப்புக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆரம், விட்டம், நாண், வில், பரிதி, வெட்டுக்கோடு, தொடுகோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை. வட்டத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு நாண். அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட வட்டப்பகுதி வில். மறுநாள் தேர்வறையில் இரண்டும் இடம் மாறிவிடும். நாணுக்கு எழுத வேண்டியதை வில்லுக்கு எழுதிவிட்டு வந்து அழும் பிள்ளைகள் உண்டு.

அந்தப் பிள்ளைகளிடம் நான் ஒரு வில்லை வரையச் சொல்வேன். வளைந்த கம்பு, அதன் இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய கயிறு. வரைந்து முடித்ததும் கம்பை வட்டமாக நீட்டி முடிக்கச் சொல்வேன். கயிறு இப்போது வட்டத்துக்குள் குறுக்கே ஓடும் கோடாகிவிட்டது. அதன் பெயர் என்னவென்று நான் கேட்கத் தேவையிருக்காது. நாண் என்பது ஒப்பிப்பதற்கான சொல்லே அல்ல, படத்தைப் பார்த்தபடி சொல்ல வேண்டிய சொல். இதை யார் எப்போது வட்டத்துக்குள் கட்டினார்கள், அதற்குப் பிறகு அது எங்கெல்லாம் போனது என்று தெரிந்துகொள்வது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் தமிழ்ச் சொல். நாண் என்பதற்குக் கயிறு என்று ஒரு பொருள், வெட்கம் என்று ஒரு பொருள். திருக்குறளில் 'நாணுடைமை' என்ற அதிகாரம் வெட்கத்தைப் பற்றியது. அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் இரண்டு நாணையும் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே நாண் இல்லாதவர்களின் நடமாட்டத்தை, நாணால் ஆட்டுவிக்கப்படும் மரப்பாவைக்கு ஒப்பிடுகிறார். எழுத்தில் ஒன்றானாலும் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். தமிழில் கயிற்றைக் குறிக்கும் சொல்லுக்கு ஞாண் என்றொரு வடிவம் உண்டு. ஞண்டு, நண்டு என்று இரண்டு வடிவம் இருப்பதுபோலத்தான். மலையாளம் இந்த வேறுபாட்டை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. வெட்கம் அங்கே நாணம், வில்லின் கயிறு ஞாண். கேரளத்துக் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் நாணும் 'ஞாண்'தான். தமிழ் எழுத்தில் ஞகரம் நகரத்தோடு கலந்த இடத்தில் இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன.

பழைய ஞாண் நம்மிடமிருந்து முழுக்கப் போய்விடவும் இல்லை. அரைஞாண் என்ற சொல்லில் இருக்கிறது. இடுப்பில் கட்டும் அந்தக் கயிற்றைப் பேச்சில் அரணாக்கயிறு என்கிறோம். ஞாண் என்றாலே கயிறு என்பது மறந்துபோனதால், மேலே இன்னொரு கயிற்றைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். தாலிக்கயிற்றுக்கு மங்கலநாண் என்று பெயர். வில்லில் கயிற்றை மாட்டுவதற்கு நாணேற்றுதல். இடுப்பு, கழுத்து, வில், வட்டம் என்று எங்கே போனாலும் இந்தச் சொல் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக் கட்டும் வேலையைத்தான் செய்கிறது.

வட்டத்தில் இந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. கிரேக்கக் கணிதத்தைப் பார்த்தால் அது புரியும். யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் மூன்றாம் புத்தகம் முழுவதும் வட்டத்தைப் பற்றியது. நம் பிள்ளைகள் படிக்கும் நாண் தேற்றங்கள் பலவும் அங்கே இருக்கின்றன. ஆனால் நாணுக்கு அங்கே தனிப்பெயர் கிடையாது. வட்டத்தில் உள்ள நேர்கோடு என்றுதான் யூக்ளிட் சொல்கிறார். வில்லுக்கும் அங்கே வில் என்ற பெயர் இல்லை; சுற்றிச் செல்லும் கோடு என்ற பொருளில்தான் வருகிறது. உலகின் மிகப் புகழ்பெற்ற வடிவியல் நூலில் வில்லும் இல்லை, நாணும் இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்திய நூல்களில் நிலைமை வேறு. அங்கே வட்டத்தின் பகுதி வில்லாகவே பார்க்கப்பட்டது. வளைவு சாபம் அல்லது தனு, நேர்கோடு ஜ்யா அல்லது ஜீவா, நடுவில் நிற்கும் கோடு சரம். வில், நாண், அம்பு. மூன்றும் ஒரே கருவியின் உறுப்புகள். இதற்குச் சமணர்களின் உலகக் கணக்கு நல்ல சான்று. அவர்கள் கருத்துப்படி நாவலந்தீவு ஒரு மாபெரும் வட்டம். அதன் விட்டம் 1,00,000 யோசனை. தென்கோடியில் பரதகண்டம் வில் வடிவில் கிடக்கிறது. வில்லின் நடுவிலிருந்து நாண் வரைக்குமான அகலம், அதாவது அம்பு, விட்டத்தில் 190இல் ஒரு பங்கு: 526 யோசனையும் 19இல் 6 பங்கும். அப்படியானால் பரதகண்டத்தின் வடக்கு எல்லையான நாண் எவ்வளவு நீளம்? அதற்கு ஒரு வாய்பாட்டை வைத்திருந்தார்கள். விட்டத்திலிருந்து அம்பைக் கழித்து, மிச்சத்தை அம்பால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 14,471 யோசனைக்குச் சற்று மேலே வரும். கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம், சரியாகவே இருக்கும். அந்த உலகப்படம் இன்று நமக்கு ஏற்புடையதாக இல்லாமல் போகலாம். அதை அளக்கப் பயன்பட்ட வாய்பாட்டில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வாய்பாடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வில்லைக் கையில் பிடித்தவருக்கு விடை தெரியும். அம்பை நாணின் நடுவில் வைக்கிறோம். நாணுக்குச் செங்குத்தாக வைக்கிறோம். வட்டத்தின் மையம் அந்த அம்பின் கோட்டிலேயே பின்னால் எங்கோ இருக்கிறது. மையத்திலிருந்து நாணுக்கு வரையப்படும் செங்குத்துக்கோடு நாணை இரண்டு சம பாகமாகப் பிரிக்கும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். யூக்ளிடின் மூன்றாம் புத்தகத்தில் மூன்றாவது தேற்றம் இது. முக்கோணங்களின் சர்வசமத்தை வைத்து நிரூபிக்க வேண்டும். வில்லைக் காட்டிவிட்டால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் எதை நிரூபிக்கிறோம் என்பது பிள்ளையின் கண்முன் நிற்கும். தேர்வில் பாதிப் பிழைகள் எதை நிரூபிக்கிறோம் என்பது தெரியாமல் வருபவை.

தேர்வில் வழக்கமாக வரும் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் ஆரம் 13 செ.மீ., நாணின் நீளம் 24 செ.மீ., மையத்திலிருந்து நாண் எவ்வளவு தூரம்? நாணைப் பாதியாக்கினால் 12. மையம், நாணின் நடுப்புள்ளி, நாணின் ஒரு முனை ஆகிய மூன்றும் செங்கோண முக்கோணம். 13இன் வர்க்கம் 169, 12இன் வர்க்கம் 144, வித்தியாசம் 25. ஆகவே தூரம் 5 செ.மீ. பெரும்பாலான பிள்ளைகள் இங்கே பேனாவை வைத்துவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி போகலாம். மையத்திலிருந்து வில்லின் வளைவு வரை 13. அதில் 5 போனால் 8. அதுதான் அம்பின் நீளம். எதிர்ப்பக்கத்து வளைவு வரை நீட்டினால் அங்கே 18. 8ஐ 18ஆல் பெருக்கினால் 144, அதாவது அரைநாணின் வர்க்கம். இரண்டு பக்கத்து அம்புகளின் பெருக்கம் அரைநாணின் வர்க்கத்துக்குச் சமம் என்ற இந்த விதியை ஆரியபட்டர் தன் 'ஆரியபட்டீய'த்தின் கணிதபாதத்தில் சொல்லியிருக்கிறார். சமணர்களின் வாய்பாடும் இதே விதியின் இன்னொரு முகம்தான்.

அரைநாண் என்ற சொல் இங்கே வந்துவிட்டது. நாணின் வரலாறு திரும்பும் இடம் இது.

வானத்தில் கோள்களின் இடத்தைக் கணக்கிட, கோணத்துக்கும் நாணுக்கும் உள்ள உறவு அட்டவணையாக வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி அப்படியோர் அட்டவணையைத் தன் பெருநூலில் கொடுத்தார். ஆரம் 60 என்று வைத்துக்கொண்டு, அரைப் பாகைக்கு ஒன்றாக 180 பாகை வரை முழுநாணின் நீளங்கள். அதைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தொல்லை இருந்தது. கணக்குக்கு வேண்டியது செங்கோண முக்கோணம். முழுநாணால் அது அமையாது, பாதி நாணால்தான் அமையும். ஆகவே ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டித்து, அட்டவணையில் நாணைப் பார்த்து, அதைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானியலாளர்கள் அரைநாணையே அட்டவணையாக்கிவிட்டார்கள். மேலே 24 செ.மீ. நாணை 12 ஆக்கிக்கொண்டு பிள்ளை செய்தாளே, அதே செயல். பெயர் அர்த்தஜ்யா, அதாவது அரைநாண். நாளடைவில் 'அர்த்த' உதிர்ந்து, வெறும் ஜ்யா என்றாலே அரைநாண் என்றாகிவிட்டது.

ஆரியபட்டர் தன் நூலில் கி.பி. 499ஐக் குறிப்பிட்டு, அப்போது தனக்கு வயது 23 என்கிறார். அவர் கொடுத்த அட்டவணையில் 24 எண்கள். ஒரு பாகைக்கு 60 கலை; கால்வட்டத்தை 24 துண்டாக்கினால் ஒவ்வொன்றும் 225 கலை, அதாவது 3 பாகை 45 கலை. ஆரம் 3438 கலை. வட்டத்தின் 21,600 கலைகளைச் சுற்றளவாகக் கொண்டால் ஆரம் அவ்வளவு வரும். அரைநாண் ஒவ்வொரு படியிலும் எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் அவர் கொடுக்கிறார்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று போய் 7இல் முடிகிறது. முதல் எண்ணைப் பாருங்கள். வளைவும் 225, அரைநாணும் 225. சிறிய வில்லில் கம்புக்கும் கயிற்றுக்கும் நீளத்தில் வேறுபாடு தெரிவதில்லை என்பது அந்த ஓர் எண்ணிலேயே இருக்கிறது. முதல் எட்டு எண்களைக் கூட்டுங்கள், 1719 வரும். எட்டுத் துண்டு சேர்ந்தால் 30 பாகை. 1719 என்பது 3438இல் சரிபாதி. 30 பாகைக்கு எதிரே அரை என்று இன்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மதிப்பு இதுதான். அதை ஒரு தாளில் தாமே கூட்டிப் பார்த்த பிள்ளைகள் பிறகு அதை மறந்து நான் பார்த்ததில்லை.

8ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த வானியல் பாக்தாதுக்குப் போனது. கலீபா அல்-மன்சூரின் காலம். ஜ்யாவுக்கு இன்னொரு பெயரான ஜீவா, அரபியில் ஜீபா ஆனது. அரபி எழுத்தில் குற்றுயிர்களை எழுதும் வழக்கமில்லை. ஜீம், யா, பா என்ற மூன்று எழுத்துகளை ஜீப் என்றும் படிக்கலாம், ஜைப் என்றும் படிக்கலாம். ஜீபா என்பது அரபியில் பொருளற்ற வந்தேறிச் சொல். ஜைப் பழகிய சொல். சட்டையின் மார்புத் திறப்பு, மடிப்பு, பை என்றெல்லாம் அதற்குப் பொருள். பழகிய சொல்லே நிலைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபி நூல்களை லத்தீனில் பெயர்த்தவர்கள், மார்பு, மடிப்பு, வளைகுடா என்ற பொருள்கொண்ட 'சைனஸ்' என்ற சொல்லை அதற்கு இட்டார்கள். அதுதான் சைன்.

இதை மொழிபெயர்ப்பாளர்களின் கூத்தாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. லத்தீனுக்குப் போகும்போதே ஜைப் அரபு வானியலில் ஊன்றிய கலைச்சொல். அந்த வானியலாளர்களுக்கு அது எந்தக் கோட்டைக் குறிக்கிறது என்பதில் ஐயமே இல்லை. பெயர்த்தவர்கள் தம் கையில் இருந்த சொல்லுக்கு நேர்ச்சொல் தந்தார்கள். அதே அரபு மரபில் வில், நாண், அம்பு ஆகிய மூன்றும் கவ்ஸ், வதர், சஹ்ம் என்று பொருள் மாறாமல் இருந்தன. லத்தீனில் அவை ஆர்க்கஸ், கோர்டா, சஜிட்டா. முழுநாண் தன் பெயரோடு போய்ச் சேர்ந்தது. அரைநாண் மட்டும் வழியில் பெயரை இழந்தது.

இழந்த பெயரின் துண்டுகள் தமிழிலும் வந்து விழுந்திருக்கின்றன. ஜைப், உருதுவில் ஜேப் ஆகி, தமிழில் சட்டைப்பையைக் குறிக்கும் ஜேப்பு ஆனது. பேருந்தில் 'ஜேப்படித் திருடன் ஜாக்கிரதை' என்று எழுதியிருப்பதில் உள்ள ஜேப்பு அதுதான். மழைக்காலத்தில் மூக்கடைத்துத் தலை வலிக்கும்போது நாம் சொல்லும் சைனஸ், அந்த லத்தீன் சொல்லே. கணக்குப் புத்தகத்தில் சைன். ஒன்பதாம் வகுப்பில் வடிவியல் பாடத்தில் நாண் இருக்கிறது. அதே புத்தகத்தில் முக்கோணவியல் பாடத்தில் சைன் இருக்கிறது. ஒன்று வீட்டில் இருந்த சொல், இன்னொன்று பாக்தாதும் ஸ்பெயினும் சுற்றி ஆங்கிலம் வழியாகத் திரும்பி வந்த அதே பொருள். இரண்டுக்கும் உறவு உண்டென்று யாரும் சொல்வதில்லை. அதனால் முக்கோணவியல் என்றதும் பிள்ளைகள் புதிதாக ஏதோ தொடங்குகிறது என்று மிரள்கிறார்கள். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 13தான் கர்ணம், அரைநாண் 12தான் எதிர்ப்பக்கம். மையத்தில் உள்ள கோணத்தின் சைன் 12/13. வட்டம் பாடத்தில் நாணைப் பாதியாக்கத் தெரிந்த பிள்ளை, முக்கோணவியலின் முதல் படியை ஏற்கெனவே ஏறிவிட்டாள்.

கொசைனுக்கும் இதே வில்லில் ஓர் இடம் உண்டு. வடமொழியில் அது கோடிஜ்யா. கோடி என்றால் வில்லின் வளைந்த முனை. தனுஷ்கோடியில் இருப்பது அதே கோடி. இராமன் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் என்று அவ்வூருக்குக் கதை சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் கடல்கொண்ட அந்த ஊரின் பெயரில், கணிதக் கலைச்சொல் ஒன்றின் முதற்பாதி அப்படியே இருக்கிறது. கொசைன் என்ற சொல் ஐரோப்பாவில் தனி வழியில் வந்தது; நிரப்புக்கோணத்தின் சைன் என்பதைச் சுருக்கி 1620இல் எட்மண்ட் கன்ட்டர் ஆக்கியது. நம் கணக்கில் அது 5/13.

பக்கத்துப் பெயர்களையும் ஒருமுறை தொட்டுவிடலாம். ஆரம் என்பது சக்கரத்தின் ஆரக்கால். லத்தீனில் ஆரத்தைக் குறிக்கும் ரேடியஸ் என்ற சொல்லுக்கும் ஆரக்கால் என்று பொருள் உண்டு. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களில் அது ஆரை. இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட பகுதி ஆரைச்சிறை; சிறை என்றால் இங்கே சிறகு. நாம் 'வட்டக்கோணப்பகுதி' என்று நீட்டி முழக்குவதைவிட அந்தச் சிறகு எனக்கு அழகாகப் படுகிறது. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் அங்கே செம்பக்கம். வட்டத்தின் விட்டம், ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் விட்டத்தோடு பெயர் பகிர்ந்துகொள்கிறது. மற்ற எந்த நாணையும்விட விட்டம் பெரியது, மையம் வழியாகப் போகும் நாண்தான் விட்டம் என்பதைப் பிள்ளைகள் தனித்தனி வரையறைகளாகப் படிக்க வேண்டியதில்லை.

மூன்றில் அம்பு மட்டும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு வெர்சைன் என்று பெயர். திருப்பிவைத்த சைன் என்ற பொருளுடைய லத்தீன் தொடரிலிருந்து வந்தது. கப்பலோட்டிகளின் அட்டவணைகளில் ஒரு காலத்தில் நிறைய இருந்தது. நம் கணக்கில் 8/13. பள்ளிக்கூடம் விட்டுவிட்டாலும் இந்திய ரயில்வே அதை விடவில்லை. தண்டவாளம் வளையும் இடங்களில் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க 20 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை எடுக்கிறார்கள். இரண்டு பேர் அதன் முனைகளைத் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் வைத்து விறைப்பாக இழுத்துப் பிடிக்கிறார்கள். மூன்றாமவர் கயிற்றின் நடுவில் அளவுகோலை வைத்து, கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று படிக்கிறார். அவர்கள் சொல்லும் சொல் வெர்சைன். 20 மீட்டர் நாணுக்கு, 50,000ஐ வளைவின் ஆரத்தால் வகுத்தால் அம்பின் நீளம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 875 மீட்டர் ஆரமுள்ள வளைவென்றால் 57 மி.மீ. வர வேண்டும். பத்து மீட்டர் நகர்ந்து மறுபடி கயிற்றை இழுக்கிறார்கள். அங்கே 57க்குப் பதில் 70 வந்தால், அந்த இடத்தில் தண்டவாளம் தன் வட்டத்தை விட்டு விலகியிருக்கிறது, கடப்பாரையை எடுக்க வேண்டும்.